புள்ளியை விழுங்கும் செயலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த ஒன்றுக்கு மட்டும் உரியதல்ல, இந்த வகைச் செயலிகள் பலவற்றின் உள்ளே ஓடும் சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான், மேல்பூச்சுதான் வேறு வேறு. கையால் எழுதிய பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் தட்டச்சு செய்த எழுத்தாக மாற்றித் தரும். திரையிலேயே பேனாவால் எழுதினாலும் மாற்றித் தரும். மூன்று மாதமாக என் போனில் இருக்கிறது. அழித்துவிடவில்லை, அழிக்கப் போவதுமில்லை. ஆனால் இதை நம்பி எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று பிடிபட எனக்கு இந்த மூன்று மாதமும் தேவைப்பட்டது. எழுதி வைத்தால் இன்னொருவருக்கு அந்த நேரம் மிச்சமாகட்டும்.

நான் இதை வாங்கிய காரணம் அப்பாவின் நோட்டுகள். அப்பா ரேடியோ ரிப்பேர் செய்தவர். எந்த செட்டில் என்ன கோளாறு, எதை மாற்றினார், என்ன மதிப்புள்ள ரெசிஸ்டர், எந்தக் கண்டென்சர் என்று ஏழு நீள நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறார். தமிழும் ஆங்கிலமும் எண்களும் கலந்து, இடையிடையே சின்னச் சின்ன சர்க்யூட் படங்களோடு. அவற்றைத் தேடிப் பார்க்கிற வடிவில் கணினியில் ஏற்றவேண்டும் என்பதுதான் ஆசை.

முதல் பக்கத்தைப் படம் எடுத்தேன். சில விநாடியில் வந்துவிட்டது. படித்துப் பார்த்து அசந்துபோனேன், அவ்வளவு சுத்தம். 'சத்தம் வந்து வந்து போகிறது, வால்யூம் கன்ட்ரோல் கழுவியும் சரியாகவில்லை' என்ற வரி ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. அந்த மகிழ்ச்சியிலேயே பத்துப் பன்னிரண்டு பக்கம் ஏற்றிவிட்டு, ராத்திரி சும்மா ஒத்துப் பார்க்கலாமே என்று நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. அப்பா எழுதியிருந்தது 4.7 கிலோ ஓம். செயலி தந்தது 47 கிலோ ஓம். அடுத்த பக்கத்தில் .01 என்று எழுதிய கண்டென்சர் 01 ஆகியிருந்தது. ரேடியோ தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்கு: முதலாவது பத்து மடங்கு பிசகு, இரண்டாவது நூறு மடங்கு.

புள்ளி எங்கே போனது என்று தேட ஆரம்பித்ததில்தான் இந்த மதிப்புரை பிறந்தது.

படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி படிப்பதற்கு முன்னால் அதைக் குளிப்பாட்டுவார்கள். தாளின் பழுப்பு நிறம், மடிப்பு, என் கை நிழல் எல்லாம் படத்தில் இருக்கும் அல்லவா, அதையெல்லாம் போக்கி, மை இருக்கும் இடம் கறுப்பு, இல்லாத இடம் வெள்ளை என்று பிரிக்கவேண்டும். இதற்கு 1979-ல் நோபுயுகி ஓட்சு சொன்ன வழி இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: படத்தின் ஒளி அளவுகளை எண்ணிப் பார்த்து, கறுப்புக் கூட்டத்தையும் வெள்ளைக் கூட்டத்தையும் நன்றாகப் பிரிக்கும் ஒரு எல்லையைக் கணக்கிலேயே கண்டுபிடிப்பது. அழகான யோசனை. ஆனால் பக்கம் முழுவதற்கும் ஒரே எல்லை என்றால் நிழல் விழுந்த மூலை முழுக்க மைக்குளம் ஆகிவிடும், அதனால் இடத்துக்கு இடம் எல்லையை மாற்றும் முறைகள் பின்னால் வந்தன. சரி, கறுப்பு வெள்ளை ஆயிற்று. அப்புறம் தாளில் உள்ள தூசி, பூஞ்சைப் பொட்டு, தாளின் நார், இவையெல்லாம் குட்டிக் குட்டிக் கறுப்புப் பொட்டுகளாக நிற்கும். இத்தனை பிக்சலுக்குக் குறைவான தனிப்பொட்டு எல்லாம் அழுக்கு என்று ஒரே துடைப்பாகத் துடைத்துவிடுவது வழக்கம். சில புதிய முறைகளில் இந்தத் துடைப்பு தனியாகக் கிடையாது, ஆனால் படத்தைச் சின்னதாக்கி உள்ளே அனுப்பும்போது புள்ளி தானாகவே மங்கிப் போகும். எப்படியானாலும் பலி புள்ளிதான்.

இது புரிந்ததும் எனக்கு வேறொரு குழப்பம் வந்தது. தசமப் புள்ளி போனது சரி, ஆனால் தமிழில் பக்கத்துக்கு நூற்றுக்கணக்கில் மெய்யெழுத்துப் புள்ளி இருக்கிறதே? அதுவும் அதே பேனா, அதே கை, அதே அளவுப் பொட்டு. அது மட்டும் எப்படி ஒன்றுகூடப் போகாமல் வந்தது?

சோதித்துப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாளில் 'நேறறு வநதேன, பாரததேன' என்று, ஒரு புள்ளிகூட வைக்காமல், வேண்டுமென்றே எழுதிப் படம் எடுத்துக் கொடுத்தேன். 'நேற்று வந்தேன், பார்த்தேன்' என்று கொடுத்தது. நான் வைக்காத ஆறு புள்ளியையும் அதுவே வைத்திருந்தது! அடுத்து, பொருளே இல்லாத எழுத்துக் கோவை ஒன்று, சிலவற்றுக்குப் புள்ளி வைத்தும் சிலவற்றுக்கு வைக்காமலும். அதில் இஷ்டத்துக்குப் புள்ளி வைத்தது, இஷ்டத்துக்கு எடுத்தது. அப்புறம் 'பல்', 'பல' என்று மாற்றி மாற்றி ஒரு பத்தியாக எழுதிக் கொடுத்தேன், அதிலும் தடுமாறியது, ஏனென்றால் இரண்டுமே சொல்.

ஆக, அது என் புள்ளியைப் பார்க்கவே இல்லை. இந்த இடத்தில் தமிழில் புள்ளி வரும் என்று அதற்குத் தெரியும், அதனால் வைத்தது. தசமப் புள்ளி எங்கே வரும் என்று எந்த இலக்கணமும் சொல்லாது, அதனால் வைக்கவில்லை. முதல் பக்கத்தைப் பார்த்து நான் அசந்துபோன அந்தச் சுத்தம் இருக்கிறதே, அது பாதி பார்வை, பாதி ஊகம்.

இது ஏன் இப்படி ஆனது என்று புரிய, எழுத்தைப் படிக்க வைக்கும் வழிகள் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கிளறவேண்டியிருந்தது. ஒரு சனி ஞாயிறில் நானே உட்கார்ந்து எளிதான ஒன்றைச் செய்து பார்த்தேன். எம்னிஸ்ட் என்று ஒரு தொகுப்பு உண்டு, கையால் எழுதிய இலக்கங்களின் படங்கள், பழக்குவதற்கு 60,000, சோதிக்க 10,000, ஒவ்வொன்றும் 28-க்கு 28 பிக்சல். இந்தத் துறையில் கை வைக்கும் எல்லோரும் இதில்தான் அரிச்சுவடி படிப்பார்கள். நான் செய்தது மிக மடத்தனமான முறை: புதிதாக ஒரு இலக்கம் வந்தால், 784 பிக்சலையும் அந்த அறுபதாயிரம் படங்களோடும் ஒப்பிட்டு, எதற்கு மிக நெருக்கமோ அதுதான் விடை. கற்றல், அறிவு எதுவும் கிடையாது, வெறும் ஒத்துப் பார்த்தல். ஆச்சரியம் என்னவென்றால் அது நன்றாகவே வேலை செய்கிறது. 1998-ல் யான் லெக்குனும் சகாக்களும் வெளியிட்ட ஒப்பீட்டில் இந்த 'அண்டை வீட்டுக்காரர்' முறை நூற்றுக்கு 5 தவறு, நேர்கோட்டால் பிரிக்கும் எளிய முறை 12 தவறு, அவர்களுடைய லெநெட்-5 என்ற நரம்பு வலைப்பின்னல் (படங்களைப் பார்த்துத் தானே கற்கும் கணக்கு அமைப்பு) 0.95 தவறு.

ஆனால் அதே மடத்தனமான முறைக்கு அப்பாவின் 7-ஐக் கொடுத்ததும் படுத்துவிட்டது. அப்பா 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். அது போக, எம்னிஸ்டில் உள்ள இலக்கங்கள் எல்லாம் ஒரே அளவுக்குச் சுருக்கி, எடை மையத்தைப் பார்த்து நட்ட நடுவில் உட்கார வைத்தவை. எழுதியவர்கள் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்களும் பள்ளி மாணவர்களும். படிவத்தில் ஒழுங்காக எழுதிய இலக்கத்தையும், ஒரு கையில் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு மறுகையால் கிறுக்கியதையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? தொகுப்பில் வாங்கிய மதிப்பெண் தொகுப்புக்கு. உங்கள் கையெழுத்துக்கு அது வாக்குறுதி இல்லை. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், இலக்கத்துக்கு 99 விழுக்காடு சரி என்றால் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆறு இலக்க எண் முழுதும் சரியாக வருவது நூற்றுக்கு 94 முறைதான்.

ஒத்துப் பார்ப்பதை விடக் கொஞ்சம் புத்திசாலித்தனமான வழி, எழுத்தின் உறுப்புகளைப் பார்ப்பது. கோட்டை எலும்பு போல மெலிய வைத்து, எங்கே வளைகிறது, எங்கே கிளைக்கிறது, எத்தனை சுழி என்று எண்ணுவது. இது நமக்குப் புதிதே இல்லை. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்றுதானே நாமே கற்றோம்! அவசரமாக எழுதும்போது அந்த மூன்றாவது சுழிக்கு என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். அப்பாவின் 'ண' முதல் சுழிக்குப் பிறகு வெறும் அலைதான். மை பரவிய இடத்தில் சுழியே அடைத்துப்போய் ஒரு கறுப்பு உருண்டை. சுழி எண்ணும் இயந்திரம் அங்கே என்ன செய்யும்? அதனால் கட்டத்துக்குக் கட்டம் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று எண்களாக எடுத்து, அந்த எண்களை வகைப்படுத்துவதில் கொஞ்ச காலம் ஓடியது. அப்புறம் எதைப் பார்ப்பது என்பதையும் நாம் சொல்லத் தேவையில்லை, படங்களைக் காட்டினால் வலைப்பின்னலே கற்றுக்கொள்ளட்டும் என்ற வழி வென்றது. லெக்குன் குழு பெல் ஆய்வகத்தில் 1989-லேயே கடித உறைகளில் எழுதிய அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்களை இப்படிப் படிக்க வைத்துவிட்டது.

தனி எழுத்து வரைக்கும் இது போதும். பக்கம் என்று வந்தால் எழுத்தைத் தனித்தனியாக யார் வெட்டித் தருவது? இங்கே ஒரு வேடிக்கையான முடிச்சு உண்டு. எழுத்தைப் படிக்கவேண்டுமானால் வெட்டவேண்டும், எங்கே வெட்டுவது என்று தெரியவேண்டுமானால் முதலில் படித்திருக்கவேண்டும். 1973-ல் கென்னத் சேய்ர் எழுதியதால் இதற்குச் சேய்ர் முரண் என்றே பெயர். தமிழில் இதன் முகத்தைப் பார்க்கவேண்டுமானால் காலையும் ரகரத்தையும் பாருங்கள். கையால் எழுதும்போது 'ா' என்ற காலுக்கும் 'ர' என்ற எழுத்துக்கும் எத்தனை பேர் வித்தியாசம் காட்டுகிறோம்? செயலியின் வேகப் பயன்முறை எனக்குக் 'காரணம்' என்பதைக் 'கரரணம்' என்று தந்திருக்கிறது. சிரித்தேன், ஆனால் அதன் மேல் தவறில்லை, தாளில் இருந்தது உண்மையிலேயே அப்படித்தான்.

இந்த முடிச்சை அவிழ்த்தது, என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகான யோசனை, 2006-ல் அலெக்ஸ் கிரேவ்ஸும் சகாக்களும் கொண்டுவந்த சிடிசி. வெட்டவே வேண்டாம் என்கிறது அது. வரியை இடமிருந்து வலமாக மெல்லிய மெல்லிய பட்டைகளாகப் பார்த்துக்கொண்டே போ, ஒவ்வொரு பட்டையிலும் உனக்குத் தோன்றும் எழுத்தைச் சொல், எதுவும் தோன்றாவிட்டால் 'வெற்று' என்று சொல். கடைசியில் அடுத்தடுத்து ஒரே எழுத்து வந்தால் ஒன்றாக்கு, வெற்றைத் தூக்கி எறி. 'தத்துவம்' என்பதில் முதல் இரண்டு தகரமும் ஒன்றாகிவிடாதா என்று கேட்பீர்கள், அவற்றின் நடுவே ஒரு வெற்று விழுந்தால் அவை இரண்டு, விழாவிட்டால் ஒன்று. அவ்வளவுதான் சூட்சுமம். பழக்கும்போதும் 'இந்த வரியின் படம் இது, அதன் எழுத்து இது' என்று கொடுத்தால் போதும், எந்த எழுத்து எந்த இடத்தில் என்று யாரும் கோடு போட்டுக் காட்ட வேண்டாம்.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் தலைவலி. தாளில் 'கெ' எழுதும்போது முதலில் கொம்பு, பிறகுதான் ககரம். கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் சேமிப்பதோ முதலில் ககரம், பிறகு கொம்பு. 'கொ' என்றால் ஒரு குறி இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், உள்ளே ஒரே குறியீடு. இடமிருந்து வலமாகவே போகும் ஒரு முறை இந்த முன்பின்னைத் தாங்கவேண்டும். என் செயலி பெரும்பாலும் சமாளிக்கிறது, ஆனால் எழுத்து இடைவெளி அதிகமான சில வரிகளில் கொம்பு தனியாகக் கழன்று, பக்கத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு வெற்று வட்டம் முளைத்து அசிங்கமாக நிற்கும். பார்த்ததும் தெரிகிற தவறு அது, அதனால் எனக்கு அதன் மேல் கோபமே இல்லை.

எழுத்து எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 247 எழுத்து, அதனால் கணினிக்கு ரொம்பக் கடினம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி 247 உருவத்தையும் கற்கத் தேவையில்லை. கால், கொம்பு, இணைக்கொம்பு, ஐகாரக் குறி எல்லாம் தனியே நிற்பவை, அவற்றைத் தனிக்குறியாக வைத்துக்கொண்டால் போதும். எச்பி ஆய்வகம் தொகுத்த தமிழ்க் கையெழுத்துத் தரவில் கிரந்தமும் சேர்த்தே 156 குறிகள்தான். கி, கீ, கு, கூ வரிசைதான் ஒட்டிப் பிறந்தவை.

அப்பாவின் நோட்டில் உண்மையான கஷ்டம் வேறிடத்தில். அவர் படித்தது பழைய எழுத்து. லை, னை, ணை எல்லாம் முன்னால் ஐகாரக் குறிக்குப் பதில் எழுத்தோடு ஒட்டிய தும்பிக்கை போன்ற வளைவு வைத்தவை. றா, னா, ணா மூன்றும் கால் இல்லாமல் சுழித்து முடிப்பவை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் அவர் கை மாறவில்லை. செயலிக்கு இந்த வடிவங்கள் அறிமுகமே இல்லை போலிருக்கிறது. தெரியாத வடிவம் வந்தால் 'தெரியாது' என்று சொல்ல அதற்கு வழி இல்லை, தெரிந்தவற்றுள் எதன் மேலாவது சாய்ந்தே ஆகவேண்டும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். 'விலை' என்ற சொல் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு வேஷம் கட்டிக்கொண்டு வந்தது.

சரி, பேனாப் பயன்முறைக்கு வருவோம். இது முற்றிலும் வேறு விளையாட்டு. திரையில் எழுதும்போது செயலிக்குப் படம் போவதில்லை, பேனா எங்கே தொட்டது, எந்த வழியே போனது, எப்போது தூக்கினோம் என்ற பயணம் போகிறது. அதனால் புள்ளி அழுக்காகிவிட வாய்ப்பே இல்லை, தொட்டு எடுத்த ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோடு. 4.7 என்று இருபது தடவை எழுதிப் பார்த்தேன், இருபதும் 4.7. இந்தப் பயன்முறைக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்திருப்பேன், ஒரு பழக்கம் மட்டும் குறுக்கே வந்தது. நான் சொல்லை முழுதாக எழுதிவிட்டுத்தான் திரும்பிப் போய்ப் புள்ளிகளை வைப்பேன். உங்களில் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஐ-க்குப் பொட்டும் டீ-க்குக் குறுக்குக் கோடும் அப்படித்தான் கடைசியில் வரும், இந்தத் துறைக்காரர்களுக்கு அந்தப் பின்வரும் கோடு பழைய எதிரி. 'சம்பந்தம்' என்று எழுதி, ஒரு விநாடி யோசித்துவிட்டுப் புள்ளி வைக்கப் போனால், அதற்குள் செயலி சொல்லை முடித்துப் பூட்டிவிட்டது. நான் தாமதமாக வைத்த புள்ளி முற்றுப்புள்ளியாகப் போய் உட்கார்ந்தது. காத்திருக்கும் நேரத்தை அமைப்புகளில் கூட்டிவைத்த பிறகு தொல்லை இல்லை. வாங்கியவுடன் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

இந்தப் பேனா வழிக்கு நீண்ட கதை உண்டு. 1993-ல் ஆப்பிள் நியூட்டன் என்ற கைக்கணினி வந்தபோது, எழுத்துகளை ஒட்டி எழுதும் சொற்களை அகராதி துணையோடு படிக்கப் பார்த்தது. அது தந்த விசித்திரச் சொற்கள் பத்திரிகைக் கார்ட்டூன் வரைக்கும் போய்க் கேலியாயின, பின்னால் திருந்திய பதிப்பு வந்தும் பெயர் திரும்பவில்லை. 1996-ல் பாம் பைலட் என்ற இன்னொரு கைக்கணினி வேறு பக்கமாக யோசித்தது: கணினி நம் எழுத்தைக் கற்க வேண்டாம், நாம் அதன் எழுத்தைக் கற்போம். கிராஃபிட்டி என்ற அந்த எழுத்துமுறையில் கிட்டத்தட்ட எல்லாமே ஒற்றை இழுப்பு. ஆங்கில ஏ-க்கு நடுக்கோடு இல்லை. ஐ-க்குப் புள்ளியே இல்லை! புள்ளிப் பிரச்சினையைப் புள்ளியை ஒழித்தே தீர்த்துவிட்டார்கள். சிரிப்பாக இருந்தாலும், தன்னால் எது முடியாது என்று நேர்மையாகச் சொன்ன கருவி அது, அதனால் எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக, செயலியில் புதிதாகச் சேர்த்திருக்கும் 'ஆழ்ந்த வாசிப்பு'. பக்கத்தை அவர்களுடைய கணினிக்கு அனுப்பி, படமும் மொழியும் சேர்ந்து பழகிய பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றிடம் படிக்கக் கொடுக்கிறார்கள். சொந்தக் கடிதங்களை இப்படி வெளியே அனுப்பலாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள், என்னுடையது ரெசிஸ்டர் கணக்கு, எவன் பார்த்தால் என்ன. இதன் திறமை பயமுறுத்துகிறது. தும்பிக்கை லை-யைக்கூடச் சரியாகப் படித்தது. அடித்து மேலே எழுதியதைச் சரியான இடத்தில் செருகியது. பக்கம் சாய்ந்திருந்தாலும், சர்க்யூட் படம் குறுக்கே வந்தாலும் அசையவில்லை.

அப்புறம் ஒத்துப் பார்த்தேன். அப்பா 'கழட்டி' என்று எழுதியிருந்தார், அது 'கழற்றி' என்று கொடுத்தது. அப்பா '455 கே.சி.' என்று எழுதியிருந்தார், பழைய ஆட்கள் கிலோசைக்கிள் என்பார்கள் அல்லவா, அது '455 கிலோஹெர்ட்ஸ்' என்று கொடுத்தது. தப்பா என்றால் தப்பில்லை. ஆனால் அப்பா அதை எழுதவில்லை. ஓரிடத்தில் மை கொட்டி இரண்டு சொல் மறைந்திருந்தது, அங்கே மிகப் பொருத்தமான இரண்டு சொல்லை, அடிக்கோடுகூடப் போடாமல், வைத்துவிட்டு நகர்ந்துவிட்டது. இன்னொரு பக்கத்தில் ஒரு முழு வரி காணோம், மேலும் கீழும் தடையில்லாமல் ஓடியதால் நான் இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கண்டேன். 'கரரணம்' என்றால் கண் உடனே பிடித்துவிடும். இதை எப்படிப் பிடிப்பது?

எனக்கு இதில் ஆதங்கமே இதுதான். பழைய காலத்து வங்கிக் காசோலைப் படிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். லெக்குன் குழுவின் 1998 கட்டுரையில் அந்தக் கணக்கு இருக்கிறது: பாதிக் காசோலைகளைப் படித்தால் போதும், ஆனால் தவறு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இருக்கவேண்டும், மீதிப் பாதியை மனிதரிடம் தள்ளிவிடலாம். அதுதான் வங்கி விதித்த எல்லை. பாதி வேலையை 'எனக்குத் தெரியவில்லை' என்று திருப்பிக் கொடுத்த இயந்திரத்தைக் காசு கொடுத்து வைத்துக்கொண்டார்கள்! இன்றைய செயலிக்கு ஒரு சொல்லைக்கூடத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. உள்ளே எண் இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தின் மேலும் எவ்வளவு நம்பிக்கை என்று கணக்கிடாமல் அது வேலையே செய்யாது. அதை நமக்குக் காட்டுவதில்தான் கஞ்சத்தனம்.

காட்டவும் செய்கிறது, தேடினால். அமைப்புகள், அதற்குள் மேம்பட்டவை, அதற்குள் கடைசியில், 'ஐயமான சொற்களை வண்ணமிடு' என்று ஒரு பொத்தான். வாங்கும்போது அணைத்தே வைத்திருக்கிறார்கள், பக்கம் அழகாகத் தெரியவேண்டுமே! அதைப் போட்டதும் பக்கத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. மஞ்சள் சொல்லைத் தொட்டால் அந்தச் சொல்லின் படத்துண்டு மேலே எழுந்து நிற்கும், படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துத் திருத்தலாம். இந்த ஒரு வசதிக்காகத்தான் செயலியை வைத்திருக்கிறேன். ஆனால் உஷார், 47 என்பது மஞ்சளாகவில்லை. பார்க்காத புள்ளியைப் பற்றி அதற்கு ஐயம் எப்படி வரும்? அதனால் எண் உள்ள வரி எல்லாவற்றையும், மஞ்சளோ வெள்ளையோ, தொட்டுப் பார்த்தே தீரவேண்டும். ஆழ்ந்த வாசிப்பில் இந்த வண்ணமிடுதலே கிடையாது, அது இன்னொரு கோபம்.

எண்ணும் எழுத்தும் கலந்த வரிகளில் இன்னொரு சில்லறைத் தொல்லையும் உண்டு. ஆங்கில எல்-லும் நம் ட-வும், ஆங்கில யூ-வும் நம் ப-வும் கையெழுத்தில் ஒரே அச்சு. டிரான்சிஸ்டர் எண்களில் எழுத்து எது, இலக்கம் எது என்று குழம்பும். மொழியைக் கைமுறையாக மாற்றினால் குறைகிறது, ஆனால் வரிக்கு வரி மாற்ற யாருக்குப் பொறுமை?

எனவே ஐந்துக்கு மூன்றரை. பேனாவால் நேரடியாக எழுதுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். வகுப்புக் குறிப்பு, கூட்டக் குறிப்பு, கதை வரைவு போன்றவற்றுக்குப் பக்கப் பயன்முறை தாராளமாகப் போதும், தேடினால் கிடைத்தால் சரி என்ற அளவுக்கு. படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில், பக்கவாட்டு நிழல் விழாமல், பாதிப் பக்கமாக எடுங்கள், புள்ளிகள் கொஞ்சம் அதிகமாகப் பிழைக்கின்றன. மருந்துச் சீட்டு, அளவு, கணக்கு, ஊர் பேர், இவற்றுக்கு வேண்டாம். எழுதியவர் எப்படி எழுதினாரோ அப்படியே வேண்டும் என்பவர்கள் ஆழ்ந்த வாசிப்பின் பக்கமே போகாதீர்கள்.

அப்பாவின் நோட்டுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ஐந்தாம் நோட்டின் நடுவில் ஒரு மாற்றம் இருந்ததை நான் பக்கங்களை ஏற்றிக்கொண்டே போகும்போதுதான் கவனித்தேன். அதுவரை 4.7 என்று எழுதியவர் அங்கிருந்து 4கே7 என்று, புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கிலோவுக்கான ஆங்கில எழுத்தைப் போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறார். எலக்ட்ரானிக்ஸில் இது தரநிலையாகவே உள்ள வழக்கம், நகல் எடுக்கும்போது தசமப் புள்ளி தொலைந்துபோகிறது என்பதால் வந்தது. செயலி அதை ஒரு தடவைகூடத் தவறாகப் படிக்கவில்லை. அதனால் அந்த இடத்திலிருந்து கடைசி நோட்டு வரைக்கும் செயலியிடம் கொடுத்துவிட்டேன்.

முன்னால் உள்ளவற்றை நானே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொல்கிறார். நேற்று இரண்டாம் நோட்டில் 3.3 என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்றை அம்மா 33 என்றார். புள்ளி இருக்கிறதே அம்மா என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அது பேனா கக்கினதுடா. உங்க அப்பா புள்ளி வெச்சா இந்தப் பக்கம் துருத்திக்கிட்டு நிக்கும்." நானும் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. 33 என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனோம்.